தலைக்கட்டுக் கூறு

அவள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் அவள் பெயரை ஒருத்தரும் சொல்லவில்லை. இப்போது நான் எழுதி அவளுக்கு என்ன ஆகப்போகிறது? அவளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரருக்குப் பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், மணல்திட்டு மேல் இருந்த ஒரு மீனவக் குப்பத்தில் ஆரம்பப் பள்ளி வாத்தியார் வேலை கிடைத்தது. நான் பள்ளிப்பட்டுக்காரி. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற சமாசாரம். இங்கே கதவைத் திறந்தால் எதிரே தண்ணீர், கொல்லைக் கதவைத் திறந்தால் அங்கேயும் தண்ணீர், குடிக்க மட்டும் ஒரு சொட்டு கிடையாது. கல்யாணமான புதிது. காலிக் குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் அழுதுகொண்டிருந்தபோது முதலில் வந்து பேசினவள் அடுத்த வீட்டுக்காரியான அவள்தான்.

"இன்னா வாத்யாரம்மா, கண்ணுல வர்ற தண்ணியும் உப்புதான். அத்தையும் இங்க யாரும் குடிக்க மாட்டாங்க. எந்திரி, நல்ல தண்ணி ஊத்து எங்க கீதுன்னு காட்டறேன்."

அப்படித்தான் அவளோடு பழக்கம். என்னைவிடப் பத்து வயசு மூத்தவளாக இருக்கலாம். ஒல்லி உடம்பு. கை மட்டும் நீளம். எந்நேரமும் தண்ணீரில் நின்று பாதம் வெளுத்து வெடித்திருக்கும். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டாள், ஏரியைப் பார்த்துத்தான் பேசுவாள். நூல் கையில் இல்லாதபோதும் அவள் விரல்கள் வலை பின்னிக்கொண்டே இருக்கும். முதலில் எனக்கு அது நரம்புக் கோளாறோ என்றுகூடத் தோன்றியது.

அவள் புருஷன் காய்ச்சலில் போய்க் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஒரே பையன், அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வயசு. புருஷனுக்கு ஒரு தம்பி உண்டு. அவன் அதே வரிசையில் கடைசி வீட்டில் இருந்தான்.

அந்த ஊர் வழக்கத்தைச் சொன்னால்தான் அவளைப் புரியும். ஏரி எல்லோருக்கும் பொது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஏரிக்குள் எந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்பதற்குப் பாடு என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் கோயில் முன்னால் சீட்டுப் போட்டு, இன்ன இடம் இன்னாருக்கு என்று பிரிப்பார்கள். சீட்டில் பேர் வர வேண்டுமென்றால் தலைக்கட்டு வேண்டும். தலைக்கட்டு என்றால் கல்யாணம் ஆன ஆம்பளை. தாலி கட்டிய பிறகுதான் அந்த ஊரில் ஒருவன் ஆளாகிறான். அவன் செத்தால் அவனுடைய பேரும் விழுந்துவிடும். பெண்டாட்டி எத்தனை வலை பின்னினாலும் சரி, எத்தனை துடுப்புப் போட்டாலும் சரி, அவளுக்கு ஏரியில் ஒரு முழம் இடம் கிடையாது. மகன் இருந்தால் அவன் வளர்ந்து கல்யாணம் கட்டுகிறவரை காத்திருக்கலாம். அதுவரை அந்த வீடு எதைத் தின்னும் என்று அந்த வழக்கத்தைப் போட்ட மகராசன்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

"எங்க ஊட்டுப் பேரு மறுபடி சீட்டுல வரணும் வாத்யாரம்மா. எங்க வலை எங்க பாட்டுல நிக்கணும். அத்தப் பாத்துட்டா போதும், அப்பால நான் செத்தாலும் சரி."

அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். நல்ல புடவை வேண்டும், வீட்டுக்கு ஓடு போட வேண்டும் என்று அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

வயிற்றுப்பாட்டுக்கு அவள் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, சேற்றில் கையால் தடவி இறால் பிடித்தாள். அவள் ஜனத்துப் பெண்கள் மீன் விற்கப் போவார்களே தவிர, அப்படித் தண்ணீரில் இறங்கித் தடவ மாட்டார்கள். கேவலம் என்று நினைப்பு. "எங்க அண்ணன் மானத்த வாங்கறா" என்று கொழுந்தன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அண்ணன் படகை மட்டும் மானம் பார்க்காமல் அவனே ஓட்டிக்கொண்டிருந்தான். பையன் தலையெடுத்ததும் கொடுத்துவிடுவதாகப் பேச்சு.

மழை சரியாக இல்லாத வருஷம் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். கடலுக்கும் ஏரிக்கும் தொடுப்பு அறுந்து போகும். இறால் உள்ளே வராது, தண்ணீர் கெட்டு நாறும். அப்போது தலைக்கட்டுக்கு ஓர் ஆள் வந்து மணலை வெட்டிக் கால்வாய் எடுக்க வேண்டும் என்பது ஊர்க் கட்டு. வெட்டி முடித்துக் கடல் தண்ணீர் உள்ளே பாய்ந்ததும் அம்மனுக்கு ஆடு வெட்டுவார்கள். கறியைப் பனையோலையில் கூறு போட்டு வரிசையாக வைத்து, தலைக்கட்டுக்கு ஒரு கூறு என்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்தக் கறி ஒரு வேளைக் குழம்புக்குக் காணாது. ஆனாலும் ஓலையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிற ஆம்பளைகளின் நடையைப் பார்க்க வேண்டும். ராஜாக்கள் தோற்றார்கள்.

நாங்கள் போன அடுத்த வருஷமே முகத்துவாரம் அடைத்தது. வேடிக்கை பார்க்க நானும் அவரும் போயிருந்தோம். ஆம்பளைகள் கூட்டத்தில் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, தலையில் கூடை, தோளில் மம்புட்டியோடு அவள் வந்து நின்றாள். ஊர்ப் பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது? ஆம்பளைங்க வேல செய்ற எடத்துல உனக்கு இன்னா ஜோலி?"

"எங்க ஊட்டுத் தலைக்கட்டு வேல மாமா. ஊட்ல ஆம்பள இல்ல, நான் வந்துகிறேன்."

"உங்க ஊட்லதான் தலைக்கட்டே இல்லியே."

"புள்ள வளந்துகினு கீறான் இல்ல? அதுவரைக்கும் உட்டுப் போவாம இருக்கட்டும்."

பெரியவர் சிரித்துவிட்டார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "வெட்டட்டும் உடு, மண்ணு கொறஞ்சா நமக்கு நல்லதுதான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாருடைய குரல் என்று பார்த்தேன். கொழுந்தன்.

அவள் வெட்டினாள். இரண்டு நாள் வேலை அது. பக்கத்தில் நின்றவன் பீடி பிடிக்கக் கரையேறியபோதும் அவள் ஏறவில்லை. கடைசியில் கடல் உள்ளே பாய்ந்து, ஆடு வெட்டி, கூறு வைத்தார்கள். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்கள். அவள் ஈரப் புடவையோடு கூடையைப் பிடித்துக்கொண்டு வரிசையின் ஓரத்தில் நின்றாள். கடைசி ஓலையும் போயிற்று. அவள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. "குடுக்க மாட்டாங்கன்னு தெரியும் இல்லக்கா? அப்புறம் எதுக்கு அவ்வளவு நேரம் நின்னீங்க?" என்று கேட்டேன்.

"நின்னாதான வாத்யாரம்மா, ஒண்ணு கொறையுதுன்னு அவங்களுக்குத் தெரியும்?"

முகத்துவாரம் அடைத்த ஒவ்வொரு வருஷமும் அவள் போனாள், வெட்டினாள், நின்றாள், வெறுங்கையோடு வந்தாள். ஊருக்கு அது பழகிவிட்டது. அவளுடைய மம்புட்டி வேண்டும், அவள் பேர் வேண்டாம்.

வீட்டுக்குள் பையனுக்காக ஒரு வலை தயாராகிக்கொண்டிருந்தது. பருத்தி நூலை அவளே முறுக்கிப் பின்னி, மரப்பட்டையைக் கொதிக்க வைத்துத் துவர் ஏற்றி, மூங்கிலில் மாட்டித் தொங்கவிட்டிருந்தாள். ஒரு மழைக்காலத்தில் எலி புகுந்து பாதியைக் கடித்துப் போட்டது. அவள் திட்டினாள் பாருங்கள், அந்த எலியின் பரம்பரையே காதைப் பொத்திக்கொண்டிருக்கும். திட்டி முடித்த கையோடு நூலை எடுத்து உட்கார்ந்துவிட்டாள். மறுபடி முடித்த நேரத்தில் ஊருக்கு நைலான் வந்துவிட்டது. பருத்தி வலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் தன் வலையை இறக்கிக் கோழிகளுக்கு வேலி கட்டினாள். பிறகு நைலான் நூலை எங்கிருந்தோ பிடித்து வந்து முதல் கண்ணிலிருந்து ஆரம்பித்தாள்.

"கைய அறுக்குது வாத்யாரம்மா இந்தச் சனியன். ஆனா எலி தின்னாது."

ஒருநாள் கடைசி வீட்டுப் பக்கம் மரம் பிளக்கிற சத்தம் கேட்டது. அண்ணன் படகு மக்கிவிட்டது, இனி தேறாது என்று கொழுந்தன் அதை உடைத்து ஆட்டுக்குக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தான். பழுது பார்த்திருந்தால் ஏன் மக்கப் போகிறது? சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து ஊரே கூடியிருந்தது. அவள் போய் ஒரு பலகையை மட்டும் கேட்டு வாங்கி வந்தாள். வீட்டு வாசலில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தாள்.

"ஏரி இங்கியேதான் கீது. எங்க போவப் போவுது? படவு வேற ஒண்ணு வரும்."

அவளுக்கு எதிலும் இதுதான் பேச்சு. கேட்கக் கேட்க எனக்கு மரியாதையும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது.

பயம் வந்தது பையனால். அவனுக்கு ஏரி பிடிக்கவில்லை. சேற்று வாடைக்கே குமட்டுவான். அவள் அவனை விடியற்காலையில் எழுப்பிக் கழுத்தளவுத் தண்ணீரில் நிறுத்திவைப்பாள். அவன் உதடு நீலம் பாரித்து நடுங்குவான். கரையேறினால் முதுகில் அடி விழும். அவன் அழுதுகொண்டே எங்கள் வீட்டுக்கு ஓடி வருவான். நான் துண்டைக் கொடுத்துத் துவட்டச் சொல்வேன். கணக்கில் அவன் கெட்டி. என் வீட்டுக்காரர் அவனைப் பொன்னேரி உயர்நிலைப் பள்ளியில் சேர்க்க வேண்டுமென்று ஆசைப்பட்டு, அவரே ஹாஸ்டலுக்கும் பேசி வைத்துவிட்டு அவளிடம் போய்க் கேட்டார்.

"வேணாம் வாத்யாரே. படிச்சா கல்யாணம் தள்ளிப் போவும்."

"கல்யாணமா? அவனுக்கு இப்ப என்ன வயசு?"

"கல்யாணம் தள்ளிப் போனா தலைக்கட்டு தள்ளிப் போவும். நான் எத்தினி வருசம் மண்ணு வெட்டுவேன்?"

"அவன் வாழ்க்கைம்மா அது. உன் புருஷன் பேருக்காகப் பிள்ளையைப் பாழாக்காதே."

அவள் ஏரியைப் பார்த்தாள். "பாழாக்கறது நானா, அவங்களா?" என்றாள். அவர் திரும்பி வந்துவிட்டார். பையனின் படிப்பு அதோடு நின்றது. அன்றைக்கு அவள் மேல் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுசாக ஆறவில்லை.

பையனுக்கு மீசை அரும்பினதும் பெண் பார்க்கக் கிளம்பினாள். போன இடமெல்லாம் ஒரே கேள்வி. பாடு இருக்கா? கல்யாணம் ஆனதும் வரும் என்பாள். பாடு வந்ததும் வா, பொண்ணு தரோம் என்பார்கள். ஊர்ப் பெரியவரிடம் வந்து சீட்டில் பேர் சேர்க்கச் சொன்னால், கல்யாணம் முடிச்சுட்டு வா என்பார். கல்யாணம் ஆகாமல் பாடு இல்லை, பாடு இல்லாமல் கல்யாணம் இல்லை. இந்த வளையத்துக்குள் அவள் செருப்பில்லாத காலோடு இரண்டு வருஷம் சுற்றினாள். ஒரு நிச்சயதார்த்தம் வெற்றிலை பாக்கு மாற்றின பிறகு முறிந்தது. பெண் வீட்டாரிடம் போய் யாரோ "அந்த ஊட்டுக்குத் தலைக்கட்டே கிடையாது" என்று சொல்லியிருந்தார்கள். யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதற்குள் எங்களுக்கு மாற்றல் வந்து கும்மிடிப்பூண்டிக்குக் குடிபோய்விட்டோம். எழுபதுகளின் நடுவில் அங்கே ஒவ்வொன்றாகக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. நெல் வயலுக்கு நடுவில் திடீரென்று ஒரு புகைபோக்கி நிற்கும். ஒருநாள் மத்தியானம் வாசலில் அவள் குரல் கேட்டது. படகு, பஸ், ரயில் எல்லாம் மாறி வந்திருந்தாள். முகமெல்லாம் பல்.

"பொண்ணு கெடச்சுடுச்சி வாத்யாரம்மா! ஆரம்பாக்கத்துக்கு அந்தாண்ட, ஏரிக்கரை ஊரு. நம்ம ஜனம்தான். பாடு இப்ப இல்லாங்காட்டியும் பரவால்லன்னு சொல்லிட்டாங்க. தங்கமான மனுசங்க."

பாடு இல்லாவிட்டால் பரவாயில்லை என்று ஏன் சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை. சந்தோஷத்தில் எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கல்யாணம் நடந்தது. அந்த வருஷச் சீட்டில் அவள் வீட்டுப் பேர் விழுந்தது. நல்ல இடமே விழுந்தது, இறால் நிற்கிற ஆழம். அடுத்த மாசமே முகத்துவாரமும் அடைத்தது. பையன் போய் மணல் வெட்டினான். கூறு வைத்து அவன் பேரைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு மத்தியானமே ஓலைப் பொட்டலத்தோடு அவள் மறுபடி எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். கூறில் பாதியை எனக்கென்று எடுத்து வந்திருந்தாள். வெயிலில் வந்ததில் கறி லேசாக வாடை அடித்தது. நான் வாய் திறக்காமல் மஞ்சளைக் கூடப் போட்டு வேகவைத்தேன். அவள் என் அடுப்படியிலேயே உட்கார்ந்து, ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "இதான் வாத்யாரம்மா, இதான்" என்றாள். மேற்கொண்டு பேச முடியாமல் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

அந்தச் சந்தோஷம் ஒரு வருஷம் நிற்கவில்லை. பெண்ணின் அண்ணன் ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலேறி, கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற கம்பெனி ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தான். மாப்பிள்ளையையும் அங்கேயே இழுத்துக்கொள்வதென்று அந்த வீட்டில் முதலிலேயே பேச்சு. அதனால்தான் பாடு பற்றிக் கவலைப்படவில்லை. பையன் பெண்டாட்டியோடு மாமியார் வீட்டுக்குப் போனவன் அங்கேயே தங்கிக் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். ஊரை விட்டுப் போய் மாசச் சம்பளம் வாங்குகிறவனுக்குத் தலைக்கட்டு இல்லை என்று இன்னொரு வழக்கம் உண்டாம். கூட்டத்தில் அதை ஞாபகப்படுத்தினவன் கொழுந்தன். அவனுடைய மகனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. அந்த ஆழம் அவனுக்குப் போயிற்று.

அவள் நேராக என்னிடம் வந்தாள். நாஷ்டா எடுத்து வைத்தேன், தொடவில்லை. "கம்பெனியக் காட்டு" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். கேட்டில் நின்ற வாட்ச்மேன் யாரைப் பார்க்க வேண்டும் என்றான்.

"பெரிய ஆபீசர. எம் புள்ளய வேலைய உட்டுத் தூக்கச் சொல்லணும்."

அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இங்க வேல குடுன்னு கால்ல உழறவங்களத்தான் பாத்துகிறேன். தூக்குன்னு கேட்டு வந்த மொத ஆளு நீதாம்மா" என்றான்.

ஷிப்ட் முடிந்து பையன் வெளியே வந்தான். கையெல்லாம் பொறி பட்ட புள்ளிகள். படித்திருந்தால் உள்ளே வேறு வேலை செய்திருப்பான். இப்போது காய்ச்சின கம்பியை இடுக்கியால் இழுக்கிற வேலை. அம்மாவைப் பார்த்ததும் அவன் முகம் இறுகியது.

"வாடா ஊட்டுக்கு. பெரியவருகிட்ட நான் பேசறேன். சீட்டு மறுபடி வரும். ஏரி எங்கயும் போவல."

"எனக்கு ஏரி வேணாம்மா. எப்பவுமே வேணாம். ஒரு வாட்டியாவது என்னக் கேட்டியா நீ?"

"உங்கப்பன் பேருடா..."

"அப்பன் பேரு, அப்பன் பேரு! அவரு மூஞ்சி கூட எனக்கு நெனப்பில்ல. இங்க எம் பேரச் சொல்லிக் கூப்புடறாங்க."

"நெருப்புல வேவறியேடா."

"தண்ணில மட்டும் இன்னா, சொகமாவா நின்னேன்? கழுத்து வரைக்கும் நிக்க வெச்சியே, நெனப்புக்கீதா?"

அவன் பாவம், கண்ணைத் துடைத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினான். அவன்மேல் தப்பில்லை. அவள்மேல் தப்பில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் எவர்கள் மேல் முழுத் தப்போ அவர்கள் அந்த நேரம் ஏரிக்கரையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் என் வீட்டுக்கு வரவில்லை. இரண்டு மூன்று வருஷம் கழித்து, பழைய மாணவன் ஒருவன் கல்யாணத்துக்காக நாங்கள் அந்தக் குப்பத்துக்குப் போனோம். போன வேளை, முகத்துவாரம் வெட்டி முடிக்கிற நாளாக இருந்தது. கரையிலிருந்து பார்த்தேன். கால்வாய்க்குள் ஆம்பளைகள் வரிசை. அவர்களுக்கு நடுவில் நரைத்த தலை ஒன்று மண்கூடையோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கடல் உள்ளே பாய்ந்தது. எல்லோரும் கூச்சல் போட்டார்கள். ஆடு வெட்டினார்கள். ஓலைகள் வரிசையாக விழுந்தன. அந்த வருஷம் கூறு போட்டவன் கொழுந்தன் மகன். நல்ல பையன்தான், அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். வரிசைக் கடைசியில் அதிகமாக ஓர் ஓலை போட்டு, அதில் கொஞ்சம் கறியை வைத்தான்.

"பெரிம்மா, இந்தா. நீயும் எடுத்துக்கினு போ."

அவள் கிட்டே வந்து ஓலையைப் பார்த்தாள். "யார் பேருக்கு இது?" என்று கேட்டாள்.

"பேரு இன்னாத்துக்கு? பாவம், நீயும் வேல செஞ்சியேன்னு வெச்சேன்."

தூக்கி எறியப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் எறியவில்லை. குனிந்து, அந்த ஓலையில் இருந்த கறியை எடுத்துப் பக்கத்து ஓலைகளில் துண்டு துண்டாக வைத்தாள். வெறும் ஓலையை இருந்த இடத்திலேயே, வரிசை கோணாமல் சரியாகப் போட்டாள். பிறகு கூடையைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றாள்.

"பேரக் கூப்புடு. நிக்கறேன்."

ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்கள். ஒவ்வோர் ஓலையாகப் போயிற்று. வெறும் ஓலை மட்டும் மணலில் கிடந்தது. கூட்டம் கலைந்து, ஆட்டு ரத்தத்தின் மேல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். படகு புறப்படுகிறது என்று என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். படகிலிருந்து திரும்பிப் பார்த்தேன். அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.